பத்தொன்பதாவது நிமிடம்

பசை அக்காவுக்கு மனிதர்களின் முகம் அவ்வளவாக மனத்தில் தங்காது; தலை தங்கும். மருத்துவமனை வாசலில் யாராவது வழிமறித்து, "அக்கா, என்னைத் தெரியுதா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் செருப்பை மாட்டக் குனிந்து உச்சி தெரிந்ததும் முகம் மலர்ந்துவிடும். "அட, ரெட்டைச் சுழி! போன வருஷம் மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்களே. மாத்திரையை ஒழுங்கா முழுங்கறீங்களா, இல்ல ஜன்னல் வழியா வீசறீங்களா?"

இரண்டாம் மாடியில், நடைகூடத்தின் கடைசி அறை அவருடையது. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மெஷின், ஒரு கைகழுவும் தொட்டி, வெளிச்சத்தம் நுழையாத தடித்த கதவு. இருபத்தாறு வருடமாக அவர் அங்கே செய்கிற வேலை ஒன்றுதான். வருகிறவரின் தலையை நாடாவால் அளப்பார். மெழுகுப் பென்சிலால் இருபத்தோரு இடத்தில் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கி, தோலைத் தேய்த்துத் துடைத்து, வெள்ளைப் பசை வைத்து ஒரு வெள்ளிப் பொட்டை ஒட்டுவார். பொட்டுக்கு ஒரு வயர். மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தை மெஷின் கோடு கோடாக வரையும். வலிப்பு வருகிறவர்கள், தூக்கம் வராதவர்கள், நின்றது நின்றபடி மயங்கி விழுகிறவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் அந்த நாற்காலிக்கு வந்தாக வேண்டும்.

அவருடைய கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "ஊர்ல பாதிப் பேர் அடுத்தவன் தலையைத் தடவித்தான் பொழைக்கறான். அதுக்கு மாசச் சம்பளம் வாங்கறவ நீ ஒருத்திதான்" என்பார்.

"உங்கள மாதிரி நாள் பூரா பிரேக்க மிதிச்சுக்கிட்டே உயிரைக் கையில புடிச்சுக்கச் சொல்றீங்களா?" என்று அக்கா பதில் கொடுப்பார்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வேலையில் அவருக்கு இணை யாருமில்லை. பசை குறைந்தால் பொட்டு கழன்றுவிடும். கூடினால் அதைவிட ஆபத்து: பக்கத்துப் பொட்டின் பசையோடு ஒழுகிச் சேர்ந்துவிடும். இரண்டு பொட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் மெஷின் கோடாக வரைகிறது. பசை கலந்து இரண்டும் ஒன்றாகிவிட்டால் வித்தியாசம் ஏது? கோடு அப்படியே படுத்துவிடும். பார்க்கிறவருக்கு அங்கே மூளை அமைதியாக இருப்பதுபோலத் தெரியும். அதனால் அக்கா எல்லாப் பொட்டையும் ஒட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே பஞ்சு சுற்றிய குச்சியால் ஒருமுறை இழுப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம். இருபத்தாறு வருடத்தில் அவர் எடுத்த பதிவில் பசை ஒழுகியதாக ஒரு புகாரும் இல்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அவருக்குப் போக மனமில்லை. வீட்டில் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையில் இருக்கிறபோது உடம்புக்குள் ஏதோ ஒன்று சரியாக உட்கார்ந்துகொள்வதுபோல இருக்கும், வீட்டில் அது நடப்பதில்லை. ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டு மனுப் போட்டிருந்தார். நரம்பு டாக்டர் பரிந்துரைக் கடிதம் எழுதினால் கிடைத்துவிடும். டாக்டரும் எழுதித் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடாமல் மேஜையில் வைத்திருந்தார். அதில் ஒரு வரி: 'இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு பிழையும் இல்லாதவர்.' டாக்டர் படித்துக் காட்டியபோது அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஆனந்தத்தை அளக்கப் புறப்பட்டார்.

டாக்டருக்கு அது பல வருட ஆசை. இந்து, பௌத்தம், சமணம் மூன்றும் உள்ளே ஒரு பேரின்பம் உண்டு என்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. அது மூளையில் எப்படித் தெரியும்? தியானத்தில் பழுத்தவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். அவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் பட்டனும் செய்து வைத்தார். ஆனந்தம் வந்ததும் அழுத்த வேண்டும். மெஷின் அந்த நொடியில் ஒரு சிவப்புக் கோடு போடும்.

"மாடிப்படி ஏறி வந்து காலிங்பெல் அடிக்குமா அது?" என்று அக்காவின் கணவர் கேட்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பட்டனால் டாக்டர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் வந்தவர் ஒரு பிக்கு. பெண்கள் அவரைத் தொடக்கூடாது என்பது அவருடைய நியமம். ஆகவே டாக்டரே பொட்டு ஒட்ட, அக்கா மூன்றடி தள்ளி நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

"இன்னும் ஒரு விரல்கடை மேல சார். ஐயோ, கொத்தனார் சாந்து அப்பற மாதிரி அப்பாதீங்க. எடுங்க, திரும்ப ஒட்டுங்க."

ஒன்றரை மணி நேரமாயிற்று. டாக்டரின் டையெல்லாம் பசை. பிக்கு வழித்த தலையை அசைக்காமல், "எனக்கு அவசரம் இல்ல" என்று புன்னகைத்தார். பிறகு உட்கார்ந்தார். முதல் பத்து நிமிடத்தில் பதினான்கு முறை அழுத்தினார். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"என்னாச்சு? அப்புறம் வரவே இல்லையா?" என்றார் டாக்டர்.

"மொதல்ல ஒரு சிலிர்ப்பு வந்தது, அழுத்தினேன். அது அடங்கிச் சுகம் வந்தது, அழுத்தினேன். அழுத்தணுங்கற ஆசையும் வந்தது. அதையும் பாத்தேன், போயிடுச்சு. கடைசில சுகமும் போயிடுச்சு. மனசு சமமா நின்னுது. அப்ப அழுத்த என்ன இருக்கு?"

"சுகம் போயிடுச்சுன்னா நஷ்டந்தானே?"

"தாகம் தீந்தவன்கிட்ட டம்ளர் எங்கேன்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றார் பிக்கு.

அடுத்து வந்தவர் ஒரு கணக்கு வாத்தியார், சமணர். முப்பது வருடமாகத் தினமும் நாற்பத்தெட்டு நிமிடம், ஒரு நிமிடம் கூடாமல் குறையாமல், அசையாமல் உட்காருகிறவர். பட்டனைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அந்த நாப்பத்தெட்டு நிமிஷம் நான் கரண்டைத் தொடமாட்டேன் டாக்டர். நெருப்பு மாதிரி அதுலயும் உயிர் இருக்கு. விரதம்னா விரதந்தான்."

"அப்ப இதை எப்படித்தான் எடுக்கறது?"

"முடிச்சிட்டு வந்து உக்காந்துக்கறேன். அப்புறம் ஒட்டிக்குங்க. அலை அங்கயேதான் இருக்கும், எங்கயும் ஓடிடாது."

அக்கா ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாத்தியார் பேசிக்கொண்டே இருந்தார். "வர்ற சுகம் போயிடும்மா. உயிரோட சுகம் எங்கேருந்தும் வர்றதில்ல. எல்லையில்லாம உள்ளயே இருக்கு, வினை அப்பி மூடியிருக்கு. வெள்ளை வேட்டி அழுக்கானா, வெள்ளை எங்க போச்சுன்னு கடையில போய்த் தேடறோமா? அலசறோம். நான் முப்பது வருஷமா அலசறேன்."

"எவ்வளவு வெளுத்திருக்கு சார்?"

"கரை மட்டும் கொஞ்சம் தெரியுது" என்று சொல்லிவிட்டு வாத்தியார் தானே சிரித்தார்.

மூன்றாவதாக வந்தவர் காவி உடுத்த ஒரு அம்மா. அறுபதுக்கு மேல் வயது. மொட்டைத் தலையில் இரண்டு நாள் முடி அரும்பியிருந்தது. அன்று ஏ.சி. பழுதாகி, அறையில் ஒரு டேபிள் ஃபேன் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பட்டனை விளக்கினார். அந்த அம்மா வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"அதுவே நானாயிட்டா அழுத்தறது யாரு டாக்டர்?"

"வெளிய வந்ததும் அழுத்தலாமே?"

"வெளிய வந்தா அது ஞாபகந்தானே? சாப்பாட்டுக்குப் பதிலா ஏப்பத்தை அளக்கறேங்கறீங்க" என்றார். டாக்டர் வெளியே போய்விட்டார்.

அக்கா அளந்தார், புள்ளி வைத்தார், ஒட்டத் தொடங்கினார். அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். பஞ்சு போன்ற முடி, கதகதப்பான தலை, விரலுக்குக் கீழே எங்கோ மெல்லிய ஒரு துடிப்பு. பன்னிரண்டாவது பொட்டோ பதின்மூன்றாவதோ ஒட்டிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. அதைச் சொல்ல அக்காவிடம் இன்றுவரை சரியான வார்த்தை இல்லை. மகிழ்ச்சி என்றால் எதற்கு என்ற கேள்வி வரும், எதற்கும் இல்லை. நீட்டிப்புக் கடிதம், மூட்டு வலி, தூர நாட்டில் இருக்கும் மகளின் குரல் எல்லாமே அப்படியப்படியே இருந்தன. ஆனால் எதுவும் குறையவில்லை. விரல், பசை, தலை, ஃபேன் சத்தம் எல்லாம் ஒரே துண்டாக இருந்தன. எத்தனை நேரம் என்று தெரியாது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"முடிஞ்சுதாம்மா?" என்றது அந்த அம்மாவின் குரல்.

அக்கா திடுக்கிட்டார். இருபத்தோரு பொட்டும் தலையில் இருந்தன. "முடிஞ்சுதும்மா" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து, துறையில் உள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி டாக்டர் தன் உரையை ஒத்திகை பார்த்தார். நாலு நாளில் பெரிய மாநாடு. அக்காவையும் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பிக்குவின் கோடுகள் வந்தன, வாத்தியாரின் கோடுகள் வந்தன. கடைசியில் காவி உடுத்த அம்மாவின் பதிவு.

"இங்க பாருங்க, பத்தொன்பதாவது நிமிஷம்" என்றார் டாக்டர். அவர் குரலே மாறியிருந்தது. "அவங்க பட்டனை அழுத்தல. யாரு அழுத்தறதுன்னு கேட்டாங்க. ஆனா மெஷின் பிடிச்சுடுச்சு. உச்சந்தலைக்கிட்ட கோடு மெல்ல மெல்ல அடங்கி, அப்படியே நேரா போகுது. பதினோரு நிமிஷம்! இப்படி ஒரு அமைதியை நான் எங்கயும் பாத்ததில்ல."

முன்வரிசையில் இருந்த உதவி டாக்டர், அப்போதுதான் படித்து முடித்து வந்த பெண், தயங்கிக் கையைத் தூக்கினாள். "சார், ரெண்டு பொட்டுக்கு நடுவுல பசை சேர்ந்திருந்தாலும் இப்படித்தானே வரும்?"

டாக்டர் சிரித்தார். "வேற யாராவது ஒட்டியிருந்தா நானும் அதைத்தான் மொதல்ல கேட்டிருப்பேன். ஒட்டினது யாரு? நம்ம பசை அக்கா!"

எல்லாரும் திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் அசடு வழியச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவால் சிரிக்க முடியவில்லை. திரையில் படுத்திருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனத்துக்குள் அந்த நாளை ஒவ்வொரு பொட்டாக மறுபடி ஒட்டிப் பார்த்தார். பஞ்சுக் குச்சியைக் கையில் எடுத்ததாக நினைவே வரவில்லை. வேர்வை. ஃபேன். 'முடிஞ்சுதாம்மா.' எடுக்கவில்லை, அன்று எடுக்கவே இல்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உறுதியா தெரியுமா?"

"கோடு அடங்கற விதமே சொல்லுதுங்க. பசை ஊறிச் சேர்றதுக்கு அவ்வளவு நேரம் ஆகும். பக்கத்துக் கோட்டுலயெல்லாம் அலை ஜோரா ஓடிக்கிட்டிருக்கு. அந்த ஒரு ஜோடியில மட்டும் எப்படி ஆனந்தம் வரும்?"

"டாக்டரே பசை இல்லன்னு சொல்லிட்டாரு. நீ ஏன் போய் ஆமா பசைதாங்கற? கடுதாசி இன்னும் கையெழுத்தாகல. மூணு மாசத்துல வீட்டுல உக்காந்து என் தலையைத்தான் தடவணும். என் தலையில தடவ என்ன இருக்கு?"

"விளையாடாதீங்க."

"விளையாடல" என்றார் அவர், உரிப்பதை நிறுத்திவிட்டு. "அந்த ரூமை விட்டு நீ இருக்கமாட்டே. அதான் சொல்றேன்."

அது அக்காவுக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் மறுநாள் காலை டாக்டர் தன் வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் அக்கா அவர் அறையில் போய் நின்றார். "சார், பத்தொன்பதாவது நிமிஷம் அவங்களோடது இல்ல. பசையோடது. நடுவுல துடைக்க மறந்துட்டேன்."

டாக்டர் உட்கார்ந்தார். எழுந்தார். பதிவைத் திரையில் போட்டு, அந்த இரண்டு பொட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டு கோடும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாக இருந்தன. அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் பாவமாக இருந்திருக்கும்.

"இருபத்தாறு வருஷமா இல்லாம, இந்தப் பதிவுலயா மறக்கணும்? உடம்பு சரியில்லையா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார்."

"பின்ன?"

அக்கா புடவைத் தலைப்பைத் திருகினார். "சந்தோஷமா இருந்தேன் சார்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா. கொஞ்ச நேரம் எல்லாமே நெறஞ்சு கெடந்த மாதிரி இருந்துது. கை வேலை செஞ்சுது, நான் அங்க இல்ல."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். மூன்று மதத்துக்காரர்களைத் தேடி அலைந்த மனிதர். வாய் திறந்து ஏதோ கேட்க வந்தவர், கோபம் மேலே வர, கேட்காமலே விட்டுவிட்டார். "நீங்க போங்க" என்றார்.

வாசல் வரை போன அக்கா திரும்பினார். "கடுதாசியில அந்த வரி இருக்கு சார், ஒரு பிழையும் இல்லாதவர்னு. அதை எடுத்துடுங்க. பொய்யில கையெழுத்துப் போடாதீங்க."

ஒன்பது நாள் டாக்டர் அவரோடு பேசவில்லை. அந்தப் பதிவு இல்லாமலே மாநாட்டுக்குப் போய்வந்தார். வேண்டிய காகிதத்தை வேறு ஆள் மூலம் அனுப்பினார். லிஃப்டில் பார்த்தால் படியில் போனார். கையெழுத்தாகாத கடிதம் மேஜையிலேயே கிடந்தது. அக்கா ஒன்பது நாளும் வழக்கம்போலத் தலை அளந்தார், புள்ளி வைத்தார், பஞ்சுக் குச்சியால் இரண்டிரண்டு முறை இழுத்தார். சாப்பாடுதான் இறங்கவில்லை. உதவி டாக்டர் பெண் ஒருநாள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "அக்கா, நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

பத்தாம் நாள் காவி உடுத்த அம்மா மறுபதிவுக்கு வந்தார். டாக்டரும் வந்து மூலையில் நின்றார். அக்கா, நடந்ததை மறைக்காமல் அந்த அம்மாவிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டார். இரண்டு பொட்டு ஒன்றாகிவிட்டால் கோடு ஏன் படுக்கிறது என்று விளக்கினார்.

அந்த அம்மா நாற்காலி ஆடும்படி சிரித்தார். "ரெண்டு ஒண்ணாச்சுன்னா அலை அடங்கிடும்னு நாங்க ஆயிரக்கணக்கான வருஷமா தொண்டை வத்தக் கத்தறோம். உங்க மெஷினுக்குப் பசையிலயே புரிஞ்சிருக்கு!"

மூலையில் நின்ற டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமலாகிவிட்டது.

"அப்ப அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துது?" என்று அவர் கேட்டார்.

"அன்னிக்கா? ஒரே புழுக்கம். பாதி நேரம் முதுகு அரிச்சுது" என்றார் அந்த அம்மா. பிறகு அக்காவின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மறுபதிவில் எல்லாரையும் போலத்தான் கோடுகள் ஏறி இறங்கின. டாக்டர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். மற்றப் பதிவுகளையெல்லாம் அக்காவின் மேஜையில் கொண்டுவந்து வைத்து, "எல்லாத்தையும் ஒருதடவை பாருங்க அக்கா. நீங்க சரின்னு சொல்றது எதுவோ அதை மட்டும் எழுதறேன்" என்றார். பிக்குவுக்கு டாக்டரே ஒட்டியதில் நாலு இடம் தவறு என்று அக்கா காட்டியபோது, தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

கடிதம் அன்றே கையெழுத்தானது. அந்த வரி அதில் இல்லை. ஆனால் பதினைந்தாம் தேதிக்குள் போயிருக்க வேண்டிய கடிதம், நாள் தவறி நிர்வாக அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வருடம் கேட்டதற்கு ஆறு மாதம்தான் கொடுத்தார்கள்.

டாக்டர் அந்தத் தாளை நீட்டும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "என் கோவத்தால ஆறு மாசம் போச்சு அக்கா. எழுதிப் போட்டுப் பாக்கறேன்."

"போடுங்க" என்றார் அக்கா. "வந்தா சரி. வராட்டி அரை வருஷம் கையில இருக்குல்ல." அவருக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் பத்து மணி ஆள் காத்திருந்தார். லாரி டிரைவர், ஓட்டும்போது கண் இருட்டுகிறதாம். உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். அக்கா முடியில் விரலை விட்டு, உடனே வெளியே எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெய்! தலைக்கு எண்ணெய் தடவிக்கிட்டு வரக்கூடாதுன்னு சீட்டுலயே எழுதியிருக்கில்ல?"

"டாக்டரைப் பாக்கப் போறோமே, கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு பொண்டாட்டிதான் தடவி விட்டா."

"நல்ல பொண்டாட்டி. எந்திரிங்க, தொட்டிக்கிட்ட வாங்க."

குழாயைத் திறந்து, தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறதா என்று புறங்கையால் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய தலையைக் கீழே சாய்த்துப் பிடித்தார்.